மூன்றாம் தடவை நீட்டப்படாத கம்பளி

வெண்டல் க்வாமேயின் வலது தொடைக்குள் ஒரு கட்டி இருந்தது. சார்கோமா என்று அதற்குப் பெயர். டாமராக் புற்றுநோய் மையத்தின் எட்டாவது மாடியில் இன்னொன்று இருந்தது. அதற்கு 'எதிர்வினை மதிப்பீட்டு உயர்குழு' என்று பெயர். இரண்டில் எது சீக்கிரம் கரையும் என்று கேட்டால், தொடையில் இருப்பதுதான் என்று வட மினசோட்டாவில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

வெண்டல், கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்துக்காகச் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். நவம்பரில் ஏறினால் ஏப்ரலில்தான் மனதளவில் இறங்குவான். அந்த லாரியில் வேகத்தை மிதிப்பதும் வலது கால், பிரேக்கை மிதிப்பதும் வலது கால். ஆகவே, "கீமோ வேலை செஞ்சிருந்தா கட்டிய மட்டும் எடுப்போம். செய்யலைன்னா காலையே எடுத்துடுவோம்" என்று அறுவை மருத்துவர் சொன்னபோது அவன் லாரியைத்தான் நினைத்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"பரவாயில்ல டாக்டர். இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

வீடு தீப்பிடித்தாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் அதைத்தான் சொல்வார்கள். காரில் ஏறியதும் அவன் மனைவி மார்டெல் பொரிந்து தள்ளினாள்.

"இதைவிட மோசம் என்னய்யா இருக்கு? ரெண்டு காலையும் கேக்கணுமா? வலிக்குதுன்னு சொல்லு, பயமா இருக்குன்னு சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவருக்கு எதுக்கு சங்கடம்னுதான்..."

"அவருக்கு என்ன சங்கடம்? கால் உன்னுது!"

சரி, கீமோ வேலை செய்ததா இல்லையா என்று யார் சொல்வது? அதை உடம்பில் ஏற்றிக்கொண்டவன் சொல்லக் கூடாது. முடி போய், புருவம் போய், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு பல மாதம் கிடந்தவன் சொன்னால் அது புலம்பல். உயர்குழு சொன்னால்தான் விஞ்ஞானம்.

உயர்குழுவின் கையில் இரண்டு பிரிவுகள். ஏரி தெரிகிற எட்டாவது மாடியில் அளவுப் பிரிவு. அவர்கள் கட்டியின் நீள அகலத்தை அளப்பார்கள். சுருங்கினால் வெற்றி, சுருங்காவிட்டால் தோல்வி. ஜன்னலே இல்லாத நிலவறையில் ஒளிப் பிரிவு. அவர்கள் கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, உடம்பில் எந்த இடம் அதைத் தின்கிறது என்று படம் பிடிப்பார்கள். பெட் ஸ்கேன் என்பது அதுதான். உயிருள்ள புற்று சர்க்கரையைக் கண்டால் விடாது. தின்று தின்று படத்தில் விளக்காக எரியும். செத்துப்போன புற்று தின்னாது, இருட்டாகக் கிடக்கும். சார்கோமாவில் ஒரு வம்பு உண்டு. சில சமயம் அது செத்த பிறகும் சுருங்காமல் இருந்த இருப்பிலேயே கிடக்கும். அளந்து பார்த்தால் தெரியாது. இருட்டா வெளிச்சமா என்று பார்த்தால்தான் தெரியும்.

இது ஒளிப் பிரிவுக்குத் தெரியும். அளவுப் பிரிவுக்கும் தெரியும். ஆனால் இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை ஒருங்கிணைப்புப் பிரிவு என்று மூன்றாவதாக ஒன்றிடம் சொல்வார்கள். அது யாரிடமும் எதுவும் சொல்லாது.

ஸ்கேனுக்கு முந்தின நாள் இனிப்பு, மாவுப் பண்டம் எதுவும் ஆகாது, உடம்பை அசைத்து வேலை செய்யக் கூடாது, கதகதப்பாக இருக்க வேண்டும் என்று மையத்திலிருந்து கட்டளை வந்தது. சேதி எப்படியோ லூத்தரன் சர்ச் பெண்களுக்கு எட்டிவிட்டது. ஒருவர் உடம்பு சரியில்லை என்றால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. எலுமிச்சை இனிப்புத் துண்டுகள், உருளைக்கிழங்கு போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் என்ற பண்டம், மறுபடியும் எலுமிச்சை இனிப்புத் துண்டுகள். மார்டெல் ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி, நேராகக் கொண்டுபோய்க் கராஜில் அடுக்கினாள். அன்றைக்கென்று பார்த்து நல்ல பனி. பக்கத்து வீட்டுக்காரன் வந்து வெண்டலின் வாசல் பனியைக் கோணல்மாணலாகத் தள்ளிக்கொடுத்தான். தொழில் தெரிந்தவன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை! கீமோகூட அவ்வளவு படுத்தவில்லை.

மறுநாள் மையத்தின் வாசலில் பெயர் கேட்டார்கள், பிறந்த தேதி கேட்டார்கள். லிஃப்ட் பக்கத்தில் கேட்டார்கள். கையில் அதே விவரங்களைப் பட்டையாகக் கட்டிவிட்டு, கட்டியவரே மறுபடி கேட்டார். ஊசி போட்டார்கள். சர்க்கரை உடம்பெங்கும் பரவும்வரை அவனை ஓர் அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதற்கு அமைதி அறை என்று பெயர். 'பேசாதீர்கள். பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையைத் தின்றுவிடும், படம் கெடும்' என்று சுவரில் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மின்சாரச் சிக்கனத்துக்காக மையம் வாங்கிய விருது தொங்கியது. அந்த அறை எவ்வளவு குளிர் என்றால், அந்த விருதுக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள்தான் என்பது உட்கார்ந்த உடனே புரிந்துவிடும்.

யோலாண்டா என்ற நர்ஸ் வந்தாள். டெக்சாஸ்காரி. சான் அன்டோனியோவிலிருந்து அந்த இலையுதிர் காலத்தில்தான் வேலைக்கு வந்திருந்தாள். உள்ளே இருக்கும்போதும் கோட்டைக் கழற்றுவதில்லை.

"கம்பளி தரட்டுமா சார்?"

"வேணாம்மா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"நிஜமாவா? இப்பதான் சூடு பண்ணி எடுத்தேன். கதகதன்னு இருக்கு."

"இல்லல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சரிங்க சார்" என்று அவள் கம்பளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெண்டல் திகைத்துப்போனான். அவன் பிறந்து வளர்ந்த பக்கத்தில் ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது வளர்ப்பு. மூன்றாம் தடவை கேட்கும்போது, "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று இழுத்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். காபியோ கம்பளியோ கல்யாணமோ, எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் முறை. மார்டெலிடம் அவன் மூன்று தடவை கேட்டுத்தான் கல்யாணம் நடந்தது. சான் அன்டோனியோவில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் தடவை வரவே இல்லை. பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. கூப்பிட்டுக் கேட்கலாம்தான். அவள் என்ன நினைப்பாள்?

கதவு திறந்தது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் உதட்டில் விரல் வைத்தபடி வந்தார்.

"உஷ்... பேசக் கூடாது. பேரென்ன?"

"வெண்டல் க்வாமே."

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல? பிறந்த தேதி?"

அவர் போனதும் நோயாளி அனுபவப் பிரிவிலிருந்து ஓர் அம்மணி வந்து, இந்த அமைதி அவனுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்ல வேண்டும், காரணத்தை விளக்கியும் சொல்ல வேண்டும் என்றார். அடுத்து மனநலப் பிரிவு. "ரொம்ப நேரம் பேசாம இருந்தா மனசு பாரமாயிடும். கொஞ்சம் மனசு விட்டுப் பேசுங்களேன்" என்று அவர்கள் கெஞ்சியதால், அவன் பக்கத்து வீட்டுக்காரன் பனி தள்ளிய லட்சணத்தைப் பற்றி மனசு விட்டுப் பேசினான். கடைசியாகத் தன்னார்வ இசைக்குழுப் பெரியவர் அக்கார்டியனோடு நுழைந்தார். தனியாகப் பாடுவது அவருக்குக் கூச்சமாம். கூடப் பாடாவிட்டால் அவர் மனசு புண்படுமே என்று, நடுங்குகிற தாடையோடு வெண்டல் ஒரு போல்கா நடனப் பாட்டையும் பாடி முடித்தான். அதற்கப்புறம்தான் ஸ்கேன் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் உயர்குழு கூடியது. 'நோயாளியே எங்கள் மையம்' என்பது அவர்களுடைய கொள்கை. அதனால் அறையின் சரியான நடுப்புள்ளியில் ஒரு நாற்காலி போட்டு வெண்டலை அதில் உட்கார வைத்திருந்தார்கள். குழு அவனைச் சுற்றி வட்டமாக, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் முதுகை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மார்டெலுக்குச் சுவர் ஓரத்தில் இடம்.

தலைவர் டாக்டர் ஹால்வர் நைகார்ட் எழுந்தார். அளவுப் பிரிவின் தலைவரும் அவரே. அதே வட்டாரத்து மனிதர். அளவுகோலைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார்.

"நண்பர்களே, இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு தடவைகூட நாம ஒரு நோயாளிக்காக அவசரப்பட்டதில்ல. அந்தப் பெருமையோட ஆரம்பிக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதைக்காக வெண்டலும் தட்டினான்.

"கட்டிய அளந்தோம். சுருங்கல. ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கு. மருந்துக்குக் கட்டி கட்டுப்படலைன்னு அர்த்தம். அடுத்தது, நிலவறையிலேருந்து ஒரு படம் வந்திருக்கு. எனக்கு அந்தப் படங்கள்ல நம்பிக்கை கிடையாது. ஆனா அது நம்ம முடிவுக்கு ஒத்துவந்தா நம்புறதுல தப்பில்ல. பாருங்க, கழுத்து எரியுது. ரெண்டு தோளும் எரியுது. தொண்டை ஜெகஜோதியா இருக்கு. பரவிடுச்சு."

அறை உச்சுக் கொட்டியது. ஒருவர், காலை எடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், இவ்வளவு பரவிய பிறகு காலை எடுத்துத்தான் என்ன பயன் என்றார். வெண்டல் மனசுக்குள் கணக்குப் போட்டான். லாரியும் இல்லை, கால் இல்லாவிட்டாலும் உயிரோடு இருப்பேன் என்று இரவெல்லாம் தேற்றிக்கொண்ட அந்த உயிரும் இல்லை. "பரவாயில்ல" என்று சொல்ல வாயெடுத்தான். முதல் தடவையாக அந்த வார்த்தை வரவில்லை. மார்டெல் எழுந்துவிட்டாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். காலைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே? கட்டி கால்லதானே இருக்கு? அது எரியுதா இல்லையா?"

குழு திரையைப் பார்த்தது. படத்தை இடுப்புக்குக் கீழே யாரும் இறக்கிப் பார்க்கவில்லை. அது எப்படி இறக்குவது என்றும் யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நிலவறையிலிருந்து டாக்டர் ரூத் அப்பெல்மனைக் கூப்பிட்டார்கள். அவருடைய அட்டைக்கு எட்டாவது மாடிக் கதவு திறக்காதாம். ஒரு காவலாளி போய் அழைத்து வந்தார். நியூயார்க்கில் வளர்ந்தவர். சுற்றி வளைக்கிற பழக்கம் கிடையாது.

"கால் இருட்டு" என்றார், படத்தை இறக்கிக் காட்டி. "கீமோவுக்கு முன்னாடி எடுத்த படத்துல அந்தக் கட்டி அடுப்பு மாதிரி எரிஞ்சுது. இப்ப சாம்பல். இதை ரெண்டு நாள் முன்னாடியே ஒருங்கிணைப்புகிட்ட சொல்லி அனுப்பினேனே!"

"ஆனா சுருங்கலையே?" என்றார் நைகார்ட். "செத்துப்போறதுக்கும் ஒரு நாகரிகம் வேணும் டாக்டர். சுருங்கிட்டுச் சாகணும். சுருங்காமலே செத்துட்டேன்னு ஒரு கட்டி சொன்னா அது ஒழுங்கீனம். அதை இந்தக் குழு ஊக்குவிக்க முடியாது."

"கட்டிக்கு உங்க விதி தெரியாது ஹால்வர்."

"சரி, கழுத்து? தோள்? அதுக்கு என்ன சொல்றீங்க?"

அப்பெல்மன் படத்தை மறுபடி கழுத்துக்கு ஏற்றிப் பார்த்தார். பிறகு வெண்டலின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தார். அந்த அறையில் அவன் முகத்தைப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான்.

"புற்று இப்படி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, சால்வை போர்த்தின மாதிரி பரவாது. நம்ம கழுத்துலயும் தோள்லயும் ஒரு வகைக் கொழுப்பு இருக்கு. உடம்புக்குக் குளிரினா சூடு உண்டாக்க அது சர்க்கரையைத் தின்னும். ஊசி போட்டப்புறம் உங்களுக்குக் குளிரிச்சா?"

"கொஞ்சம். பெரிசா ஒண்ணுமில்ல."

"வெண்டல்!" என்றாள் மார்டெல்.

"நடுங்கிட்டேன்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"பேசினீங்களா?"

"அவங்கதான் கேட்டாங்க. பாட்டும் பாடினேன்."

"பாட்டா? சரி, அது தொண்டை. கம்பளி குடுக்கலையா உங்களுக்கு?"

யோலாண்டாவைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "குடுத்தேன் டாக்டர்! வேணாம்னாரே! மறுபடியும் கேட்டேன். அப்பவும் வேணாம்னார்."

"மறுபடின்னா?" என்றார் நைகார்ட். அவர் குரல் மாறியிருந்தது. "மொத்தம் எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"ரெண்டே ரெண்டு தடவையா?"

வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் "அடப்பாவமே!" என்று ஒரே குரலில் முனகினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நைகார்டின் முகத்தில் அப்படியொரு துக்கம். காலை எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோதுகூட அது வரவில்லை. "மூணாவது தடவை கேக்கவே இல்லையா? அந்த மனுஷன் காத்துக்கிட்டு இருந்திருப்பாரேம்மா!" என்றார். யோலாண்டா அப்பெல்மனைப் பார்த்தாள். அப்பெல்மன் தோளைக் குலுக்கினார். இரண்டு வெளியூர்க்காரிகளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

மறுபடி ஸ்கேன் எடுப்பது என்று முடிவானது. அதோடு விட்டால் உயர்குழு ஆகுமா? கம்பளிக்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அது கூடிக் கூடிப் பேசி ஒரு விதி செய்தது. அந்த விதியோடுதான் யோலாண்டா அமைதி அறையில் வெண்டல் முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை மார்டெல் அவனை வீட்டிலேயே பாடம் படிக்க வைத்து அனுப்பியிருந்தாள்.

"கம்பளி தரட்டுமா சார்?"

வெண்டல் வேகமாகத் தலையாட்டினான். கையையும் நீட்டினான்.

"ஐயோ, அப்படி உடனே வாங்கக் கூடாது சார். புது விதி. நீங்க முதல்ல ரெண்டு தடவை வேணாம்னு சொல்லணும். மூணாவது தடவைதான் நான் தரலாம்."

அவன் சுவரில் இருந்த 'பேசாதீர்கள்' என்ற வாசகத்தைக் காட்டினான்.

"தெரியும் சார். அதனாலதான் தலையசைச்சா போதும்னு துணைக்குழு சலுகை குடுத்திருக்கு. எங்கே, வேணாம்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவள் கம்பளியோடு வெளியே போனாள், உள்ளே வந்தாள். மறுபடி ஆட்டினான். மறுபடி போனாள், வந்தாள். மூன்றாம் தடவை கம்பளி அவன் மேல் விழுந்தபோது அதன் சூடு பாதி ஆறியிருந்தது. அவள் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, தன் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த இன்னொரு சூடான கம்பளியை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். அக்கார்டியன் பெரியவர் எட்டிப் பார்த்தபோது, கதவை அவர் மூக்குக்கு நேராகச் சாத்தினாள்.

இந்த முறை படத்தில் கழுத்து இருட்டு. தோள் இருட்டு. தொண்டை இருட்டு. கால் கும்மிருட்டு. உயர்குழு கூடி வெகு நேரம் விவாதித்து, கட்டி ஒழுங்கீனமாக, ஆனால் உண்மையாகவே செத்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டது. நைகார்ட் முறைப்படி எழுந்து, நடுப்புள்ளியில் உட்கார்ந்திருந்த வெண்டலின் பின்தலையைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ்டர் க்வாமே, கட்டிய மட்டும் எடுத்துட்டுக் காலை உங்களுக்கே விட்டுடலாம்னு குழு நினைக்குது. கால் வேணுமா உங்களுக்கு?"

வெண்டல் நாற்காலியின் நுனிக்கு வந்தான். சந்தோஷத்தில் கண்ணில் நீர் கோத்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள், தனக்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பழகின வாய், என்ன செய்வது? அவன் அறியாமலே திறந்தது.

"அதெல்லாம் வேணாம் டாக்டர், உங்களுக்கு எதுக்கு சிர—"

சுவரோரத்திலிருந்து மார்டெல் வந்த வேகத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் கை அவன் வாயைப் பொத்தியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"வேணும்!" என்று கத்தினாள். "முதல் தடவையே வேணும்! கேட்டதுக்கு நன்றி. எழுந்திருய்யா, போலாம்!"

அறுவை நல்லபடியாக முடிந்தது. தொடையில் ஒரு பள்ளமும் நீளமான தழும்பும் மிச்சம். வசந்தம் முழுக்கக் கோல் ஊன்றி நடந்தான். கோடையில் கோலைக் கராஜில் போட்டான். அங்கே எலுமிச்சை இனிப்புத் துண்டு டப்பா ஒன்று அகப்பட்டது. எப்போது வைத்ததோ, அதையும் தின்றான். நவம்பரில் லாரியில் ஏறினான்.

முதல் பெரும்பனி பெய்த அன்று காலை அவன் ஏரிக்கரைச் சாலையைத் தள்ளிக்கொண்டு போனான். சாலையைத் தள்ளினால் பனி ஓரமாக ஒதுங்கி வீடுகளின் வாசல் பாதையை அடைக்கும். அது யார் குற்றமும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கியிருந்தது. திரும்பி வரும்போது பார்த்தால், டாக்டர் ஹால்வர் நைகார்ட் இடுப்பளவு குவியலுக்கு நடுவே மண்வாரியோடு மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். வெண்டல் லாரியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"டாக்டர், நான் தள்ளி விடட்டுமா?"

"வேணாம் வேணாம். உனக்கு எதுக்குப்பா சிரமம்?"

"நிஜமாவா? ஒரு நிமிஷ வேலைதான்."

"இல்லல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் நைகார்ட். சொல்லிவிட்டு, மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தி, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, ஆசையோடு அவன் முகத்தையே பார்த்தார்.

"சரிங்க டாக்டர்" என்றான் வெண்டல். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வலது காலால் வேகத்தை மிதித்தான்.